வெண்கீரியின் பின்னங்கால்

வில்பர்ட் கொண்டுவந்தபோது அந்தக் கீரி விறகுச் சுள்ளி மாதிரி விறைத்துக் கிடந்தது. ரொட்டி வாங்கின பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, கோட்டின் உள்பாக்கெட்டில் செருகி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்திருந்தான். சமையலறைக் கதவைத் திறந்ததும் அவனோடு ஒரு கூடைப் பனியும் உள்ளே விழுந்தது.

"கதவச் சாத்துய்யா மொதல்ல! பெரிய ஏரியையே வீட்டுக்குள்ள கொண்டாந்துருவ போல" என்றாள் ஐனி.

வில்பர்ட் பூட்ஸை உதறிக் கழற்றிவிட்டுப் பையை மேஜைமேல் வைத்தான். வைத்தது ஐனியின் புருஷன் ரூடியின் முன்னால். எங்கள் பக்கத்தில் பொறி வைக்கிற எவனுக்கும் நல்ல உருப்படி ஒன்று கிடைத்தால், அதை ரூடி கங்காஸின் முன்னால் கொண்டுபோய் வைப்பதுதான் வழக்கம். கை தானாக அங்கே போய்விடும்.

ரூடி பையைப் பார்த்தான். தொடவில்லை. மேஜைக்கு அடியில் தொடைகளுக்கு நடுவில் செருகியிருந்த கைகளை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டான்.

"மரநாய்க்கு வச்ச பொறிப் பொட்டியில வந்து மாட்டிருக்கு" என்றான் வில்பர்ட். "வெண்கீரி. ஒரு மயிர் உதிரல, ரத்தம் ஒரு சொட்டு இல்ல. வால் நுனியப் பாருங்களேன், மையில தொட்டு எடுத்த மாதிரி. வித்தா பெருசா ஒண்ணும் தேறாது. வீணாப் போகுமேன்னுதான்..."  முகம் சிவந்து காப்பிக் கெண்டியைப் பார்க்க ஆரம்பித்தான்.

"எங்கிட்டக் குடு" என்றாள் ஐனி.

"உங்ககிட்டயா?"

"ஏன், என் கையில கொடுத்தா கடிக்குமா?"

ரூடி நிமிர்ந்து பார்த்தான். ஐனி பையை எடுத்துக் குளிர்ப்பெட்டியில் வெண்ணெய்க்குப் பக்கத்தில் வைத்தாள். ஏலக்காய் ரொட்டியை வெட்டி வில்பர்ட் முன்னால் தள்ளினாள். அப்புறம் யாரையும் பார்க்காமல் சொன்னாள். "வசந்தத்துல நடக்குற மாநிலப் போட்டிக்கு இதத்தான் பாடம் பண்ணிக் கொண்டுபோகப் போறேன். என் பேர்ல."

வில்பர்ட்டின் வாயில் ரொட்டி அப்படியே நின்றுவிட்டது.

கங்காஸ் பட்டறையைத் தெரியாதவன் இந்த மாவட்டத்தில் இல்லை. மதுக்கடை மூலையில் நிற்கிற கரடியைக் கண்டு வெளியூர்க்காரன் ஒருத்தன் டம்ளரைக் கீழே போட்டிருக்கிறான். அது ரூடி தோலை உரித்துப் பாடம் செய்து நிறுத்தியது. வங்கியில் இருக்கிற நீர்நாய், பள்ளிக்கூடத்து ஆந்தை, வீட்டுக்கு வீடு மான்தலை, எல்லாம் அவன் வேலைதான். எல்லாம் என்று பேச்சுக்குச் சொல்கிறோம். கண்ணோரத்து இமையைச் செருகுவதும், தையல் தெரியாமல் தைப்பதும், மூக்குக்குச் சாயம் தொடுவதும் கல்யாணமான நாளிலிருந்து ஐனிதான். பட்டறை வாசல் பலகையில் அவள் பேர் இல்லை. அவள் கேட்டதும் இல்லை, அவன் நினைத்துப் பார்த்ததும் இல்லை.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ரூடியின் வலது கை நடுங்க ஆரம்பித்தது. பிறகு இடது கை. டாக்டர் அதற்கு ஒரு பேர் சொன்னார், மாத்திரை கொடுத்தார், இது போகாது என்பதையும் மரியாதையாகச் சொல்லி அனுப்பினார். இந்த இலையுதிர் காலத்தில் வேட்டைக்காரர்கள் மான்தலைகளை அடுத்த ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வேலை போனதைக்கூட ரூடி தாங்கியிருப்பான். ஊர்க்காரர்கள் காட்டிய பரிவைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. சாப்பாட்டுக் கடையில் அவனுக்கு மட்டும் காப்பியைப் பாதிக் கோப்பை ஊற்றிவைத்தார்கள். சர்ச் வாசலில் ஒருத்தன் ஓடிவந்து அவன் கோட்டுக்குப் பொத்தான் போட்டுவிட்டான். அன்றோடு கைகள் பாக்கெட்டுக்குள் போனவைதான். பட்டறைப் பக்கமும் அவன் போகவில்லை.

மகள் பேர் காரின். கிரீன் பே என்கிற ஊரில் இருக்கிறாள். தரைக்கு அடியில் கீழ்த்தளத்தில் அறை காலியாக இருக்கிறது, இரண்டு பேரும் வந்துவிடுங்கள் என்று அவள் ஒருமுறை சொன்னதை ரூடி கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

"அங்க என்னை எவனுக்கும் தெரியாதுடி. கை நடுங்குற கெழவன் ஒருத்தன் போறான்னு நெனப்பான், திரும்பிப் போயிருவான். இங்க அப்படியா? ரூடி கங்காஸ் கை நடுங்குதேன்னுல்ல பார்க்குறான்!" என்று ஒருநாள் கத்தினான். கத்தியது அந்த ஒரே நாள்தான். அதன்பிறகு வீட்டை விற்பதைப் பற்றி, சாதாரணமாக, கடையில் உப்பு வாங்குவதைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேசிக்கொண்டிருந்தான்.

ஐனிக்குப் போக மனசில்லை. இந்தப் பனி, இந்த அடுப்பு, பின்னாலிருக்கிற பட்டறை, இதை விட்டுவிட்டு மகள் வீட்டுக் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக யாருடைய கார் டயரையோ பார்க்கிற பிழைப்பு அவளுக்கு வேண்டாம். அதனால்தான் வில்பர்ட் போனதும் நேராகவே பேரம் பேசினாள்.

"மொதப் பரிசு நீலப் பட்டை வாங்கிட்டு வந்தேன்னா பட்டறையைத் தொறக்குறோம். என் பேரப் பலகையில எழுதுறோம். வாங்கலேன்னா வீட்ட வித்துரலாம், நானே கையெழுத்துப் போடுறேன். சரியா?"

"கீரியில போய் நீலப் பட்டையா?" ரூடி சிரித்தான். ரொம்ப நாள் கழித்து வந்த சிரிப்பு, அதுவும் கேலிச் சிரிப்பு. "கரடியப் பண்ணு, சுலபம். கரடி உடம்புல கோடாலி வெட்டக்கூட மறைச்சுரலாம். இதுல ஒரு மயிர் தள்ளிப் போச்சுன்னா நடுவர் டார்ச்சு அடிச்சுக் காட்டுவான். ஒரு சாண் உடம்பு, அது மேல வெள்ளை வேற. அடியே, நான் திடமா இருந்தப்பவே வெண்கீரியக் கொண்டுபோனதில்ல."

"அதான் நீ நீலத்துக்கு மேல போகல, பெரிய கோப்பை வாங்கல" என்றாள் ஐனி.

உரிக்கிற வேலை ஒரு முழு முற்பகல் எடுத்தது. குளிர்காலத்தில் வெளுத்துப்போகிற எங்கள் கீரி சுருட்டிப் பிடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கும். பின்னங்கால்களுக்கு நடுவில் சின்னதாக ஒரு கீறல் போட்டு, காலுறையைக் கழற்றுவது போலத் தோலை மெல்லக் கழற்றினாள். வாலடியில் இருக்கிற நாற்றச் சுரப்பியில் கத்தி பட்டால் ஒரு வாரத்துக்கு வீட்டில் சோறு இறங்காது. அங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டாள். விரல் விரலாக, நகத்துக்கு முந்தின கணுவரை உரித்தாள். காதை ஒரு மழுங்கின குச்சியால் உள்வெளியாகத் திருப்பினாள், வெங்காயத் தோலைவிட மெல்லிசு. உதட்டில், கண்ணோரத்தில் ஒட்டின கொழுப்பைச் சுரண்டும்போது முதுகு ஒடிந்துவிடும் போலிருந்தது. எதுவும் கிழியவில்லை. பாத்திரம் கழுவுகிற சோப்பில் தோலை அலசி, படிகாரமும் உப்பும் கரைத்த ஊறலில் போட்டாள். உடம்பு மட்டும் சிவப்பாக, நீளமாக, பாவமாகக் கிடந்தது.

அந்த உடம்புதான் முக்கியம். அதை அச்சு எடுக்க வேண்டும், கண்ணிலிருந்து மூக்குவரை, தோளிலிருந்து இடுப்புவரை அளக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் தோலுக்குள் வைக்கிற உடம்பை ஃபோமில் செதுக்க முடியும். அச்சுக்கு பிளாஸ்டர் மாவு எடுக்கப் போனால் டப்பாவில் மாவு கட்டிதட்டிக் கிடந்தது. ஈரத்துணியில் உடம்பைச் சுற்றி, தட்டில் வைத்து, பின்வாசல் குளிரில் விட்டுவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போனாள்.

திரும்பி வந்தபோது பின்வாசலில் தட்டு இல்லை. தட்டு சமையலறையில் இருந்தது, கழுவி, துடைத்து, நிமிர்த்தி வைத்தபடி.

"தட்ட நானே கழுவிட்டேன். உடையல" என்றான் ரூடி. குரலில் ஒரு சின்னப் பெருமை.

"அதுல இருந்தது எங்க?"

"எங்க போகும்? பிர்ச்சு மரத்துலதான்."

எங்கள் வீடுகளில் குளிர்காலம் முழுக்க, மானை அறுத்தபின் மிஞ்சுகிற நெஞ்செலும்புக் கூட்டை மரத்தில் கட்டித் தொங்கவிடுவோம். சிட்டுகள் வந்து கொழுப்பைக் கொத்தும். உரித்த உடம்பு எதுவானாலும் அதற்குள்தான் போகும். அச்சு எடுத்து, அளந்து முடித்துவிட்டு ரூடிதான் வழக்கமாகக் கொண்டுபோய்ப் போடுவான். இப்போது அளந்தாயிற்றா என்று கேட்க அவனுக்குத் தோன்றவில்லை. தட்டில் உடம்பு, வெளியே மரம், கால் தானாக நடந்துவிட்டது.

ஐனி கோட்டுகூடப் போடாமல் முழங்கால் பனியில் ஓடினாள். எலும்புக் கூட்டுக்குள் ஈரத்துணி மட்டும் விறைத்துத் தொங்கியது. மேலே ஒரு அண்டங்காக்கை அலகைக் கிளையில் துடைத்துக்கொண்டிருந்தது.

"அட பாவி மனுசா!" என்று அங்கிருந்தே கத்தினாள். உள்ளே வந்து ஈரத்துணியை மேஜைமேல் எறிந்தாள். "வேணும்னே பண்ணியா? சொல்லு. நான் ஜெயிச்சுருவேன்னு பயமா? போட்டிக்கு நான் போகக் கூடாது, அவ்வளவுதான?"

"ஐனி, நான்..."

"அளக்காத உடம்பக் காக்காய்க்குப் போடுற ஆளா நீ? குருடனுக்குக்கூடத் தெரியும்யா, அதுல ஒரு துளி மாவு ஒட்டல!"

"நான் பார்க்கல" என்றான் ரூடி. "தட்டு கீழ விழுந்துரக் கூடாதேன்னு கையையேதான் பார்த்துக்கிட்டு இருந்தேன்."

 ஐனிக்குக் கோபம் இறங்கவில்லை. பட்டறைக்குள் போய்க் கதவை அறைந்து சாத்திக்கொண்டாள்.

அப்புறம் வீட்டில் பேச்சு நின்றது. அதற்குத் தோதாக வானமும் மூடிக்கொண்டு கொட்டியது. ஐனி கூரைமேல் ஏறிப் பனியைத் தள்ளினாள், வாசலை அள்ளினாள், விறகு சுமந்தாள், கோபம் இருந்ததால் வேலை சீக்கிரம் முடிந்தது. தோலை ஊறலிலிருந்து எடுத்து மெலிசாகச் சீவி மறுபடி போட்டாள். ரூடி ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து எலும்புக் கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒருமுறை மட்டும் வாயைத் திறந்தான். "கம்பெனிக்காரன் கீரிக்கு ரெடிமேடா உடம்பு விக்குறானே. அதை வரவழைச்சா என்ன?"

"வாயப் பொளந்து பல்லக் காட்டிக்கிட்டு நிக்குமே, அதுவா? அந்தக் கூடத்துல அதே மூஞ்சி அஞ்சாறு நிக்கும். வேணாம்."

சனிக்கிழமை வந்தது. எவ்வளவு சண்டை இருந்தாலும் சனிக்கிழமை சவுனாவை, அந்த நீராவிக் குளியலை, யாரும் விடமாட்டார்கள். பின்னால் இருக்கிற மரக்குடிலில் கல்லடுப்பு காய்ந்து, இரண்டு பேரும் மேல்பலகையில் பேசாமல் வியர்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே மங்கலான வெளிச்சம். ரூடி கைகளை ஒளித்துவைக்காத ஒரே இடம் அதுதான்.

"வேணும்னு பண்ணல ஐனி" என்றான். "சத்தியமா. ஆனா ஒண்ணு சொல்லிர்றேன், நீ அடிச்சாலும் பரவால்ல. போயிருச்சுன்னு தெரிஞ்சதும் உள்ளுக்குள்ள ஒரு நிம்மதி வந்துச்சு."

ஐனி கல்மேல் ஒரு அகப்பைத் தண்ணீரை ஊற்றினாள். ஆவி சீறிக் கிளம்பியது. காய்ந்த பிர்ச் இலைக் கட்டை எடுத்து அவன் முதுகில் ஓங்கி ஒரு சாத்துச் சாத்தினாள். சவுனாவில் வழக்கமாக முதுகில் அடிக்கிற அடியைவிடக் கொஞ்சம் பலமாகவே விழுந்தது.

"நிம்மதியாம்ல நிம்மதி! இந்தா, இன்னும் கொஞ்சம் வாங்கிக்க."

"ஐயோ, தோலு!"

"உன் தோல உரிச்சு ஊறல்ல போட்டாத்தான் எனக்கு நிம்மதி." சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அழுதாள். வியர்வையில் எது எது என்று தெரியவில்லை. அவன் உண்மையைச் சொன்னான் என்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது.

மறுவாரம் ஒரு காலையில், ஐனி மாவு பிசைந்து இறைச்சியும் கிழங்கும் அடைத்துப் பேஸ்டி மடித்துக்கொண்டிருந்தாள். ஜன்னலோரத்திலிருந்து ரூடி குரல் கொடுத்தான். பயந்துபோன குரல்.

"ஐனி. சத்தம் போடாம வா."

"மாவுக் கையா இருக்கு."

"வான்னா வாடி!"

போய்ப் பார்த்தாள். எலும்புக் கூட்டுக்குள் பனி ஒன்று அசைந்தது. பனியில்லை, கீரி. உயிருள்ள வெண்கீரி. மானின் கொழுப்பு வாசனைக்கு வந்திருக்கிறது. உறைந்து கல்லாகிப்போன இறைச்சியைப் பிய்க்க முடியாமல் இப்படி ஏறி, அப்படி இறங்கி, பல்லால் இழுத்துப் பார்த்தது. கடைசியில் ஒரு எலும்பைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கியது. முன்னங்கால் இரண்டும் இறைச்சியில். பின்னங்கால் ஒன்று எலும்பைக் கொக்கி மாதிரி பற்றியிருந்தது, பாதம் முழுசாகப் பின்னால் திரும்பி, உள்ளங்கால் வானத்தைப் பார்க்க.

"பார்த்தியா அந்தக் காலை!" என்றான் ரூடி கிசுகிசுப்பாக.

"பார்த்தேன்."

"திரும்பிருச்சுடி. அணிலு மாதிரி திரும்பிருச்சு."

மாவு அடுப்பங்கரையில் காய்ந்து வெடித்தது. அன்று பேஸ்டி இல்லை, பழைய சூப்புத்தான்.

அன்றிலிருந்து ஐனி ஃபோம் கட்டையும் கத்தியுமாகச் சமையலறை மேஜைக்கு வந்துவிட்டாள். கீரி தினமும் வந்தது, ஒரே நேரத்துக்கு அல்ல, அதன் இஷ்டத்துக்கு. ரூடி காவல். வந்தவுடன் அவன் விரல் நீட்டாமல் வாயாலேயே சொல்லுவான். "இப்போ தோளு மேல ஏறுது... கழுத்து நீளுது... வயிறு எக்குது, எக்குது, பாரு, விலா தெரியுது!" ஐனி செதுக்குவாள். அளவுக்குத் தோலையே எடுத்து ஃபோமில் போர்த்திப் பார்ப்பாள், கழற்றுவாள், மறுபடி சீவுவாள். மூன்று உடம்பு குப்பைக்குப் போனது.

இடுப்பு மட்டும் வரவே இல்லை. தொங்கும்போது இடுப்பு எங்கே முறுகுகிறது என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

"நீ பார்க்குறது பின்பக்கம். முன்பக்கமாப் பாரு" என்றான் ரூடி.

"அது எனக்கு முன்பக்கத்தக் காட்டினாத்தானய்யா பார்க்கலாம்!"

ரூடி எழுந்தான். நாற்காலியைத் தள்ளினான். ஆறடி ஆள், முழங்காலிட்டு, பின்னங்கால்களை, அதாவது அவன் கால்களை, நாற்காலிமேல் தூக்கிப் போட்டுக்கொண்டு, கைகளைத் தரையில் ஊன்றித் தலைகீழாகச் சாய்ந்தான். சட்டை வழுக்கி வயிறு வெளியே வந்தது.

"இந்தா... இங்க முறுகுதுடி... இந்த இடத்துல... சீக்கிரம் பார்த்துத் தொலை, ரத்தம் மண்டைக்கு ஏறுது!"

ஐனிக்குச் சிரிப்பு வந்து கத்தியே பிடிக்க முடியவில்லை. "கீரிக்கு இவ்வளவு தொப்பையா?"

"தொப்பைய விடு, இடுப்பப் பாரு!"

பார்த்தாள். இடுப்பையும் பார்த்தாள், தரையில் ஊன்றிய கைகளையும் பார்த்தாள். உடம்பின் பாரத்தை ஊன்றியதாலோ என்னவோ அவை நடுங்கவில்லை.  குனிந்து செதுக்கினாள். நாலாவது உடம்பு சரியாக வந்தது.

தோலைப் போர்த்துகிற நாளன்று ரூடி பட்டறை வாசலுக்கு வந்தான். உள்ளே வந்து ஒரு முக்காலியில் உட்கார்ந்தான். இலையுதிர் காலத்துக்குப் பிறகு அன்றுதான் வருகிறான். ஐனி திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் போய்விடுவான் என்று பயம்.

பசை தடவி, தோலை இழுத்து, கண்ணாடிக் கண்ணைக் களிமண்ணில் பொருத்தி, இமையை ஊசி முனையால் செருகினாள். காதுக்குள் கெட்டிப் பசை வைத்து விரலால் வடிவம் கொடுத்தாள். விரல்களை ஒவ்வொன்றாக எலும்புமேல் மடக்கி ஊசி குத்தினாள். மான் விலா எலும்பில் ஒன்றையே மரத்திலிருந்து அறுத்து எடுத்துவந்து கீரியைத் தொங்கவிட்டிருந்தாள். கடைசியாகப் பின்னங்கால். காலுக்குள் ஓடுகிற கம்பியைப் பிடித்துப் பாதத்தைப் பின்னால் திருப்பினாள்.

"ஐனி, ஒரு நிமிசம்" என்றான் ரூடி. "அத அப்படி வைக்காத."

"ஏன்? நீதான பார்த்த?"

"பார்த்தேன். நடுவர் பார்க்கலையே. ஒடிஞ்ச கால்னு எழுதிருவான். நேரா வச்சு எலும்பு மேல சும்மா ஊனிவிடு. யாரும் கேட்க மாட்டான். உனக்கு நீலப் பட்டை வேணுமா வேணாமா?"

ஐனியின் கை நின்றது. நீலப் பட்டை வேண்டும். இந்த முக்காலியில் இவன் உட்கார்ந்திருக்க வேண்டும், அடுப்பு எரிய வேண்டும், பலகையில் பேர் வர வேண்டும். கிரீன் பேயின் கீழ்த்தளம் அவள் கண்முன் வந்து நின்றது. பாதத்தை நேராக்கிப் பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது. எங்கேயோ பார்த்த மாதிரியும் இருந்தது, எல்லாக் கீரியும் நிற்கிற மாதிரி.

"இல்லய்யா. என்னால முடியாது. கண்ணால கண்டுட்டு எப்படிக் காணலைன்னு பண்ணுறது? நாளைக்கு அது வந்து ஜன்னல் வழியா என்னைப் பார்த்துச் சிரிக்கும்" என்று பாதத்தைப் பழையபடி பின்னால் திருப்பி ஊசி குத்தினாள்.

"வீடு போயிரும்டி."

"நீதான போகணும்னு கேட்ட? அப்புறம் என்ன?"

 ரூடி முக்காலியை விட்டு எழுந்து போகவில்லை.

ஏப்ரலில் பனி கரைந்து சாலையோரம் சேறாக ஓடியது. கீரிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ரூடி உட்கார, ஐனி வண்டி ஓட்டினாள். ஏரிகளுக்கு நடுவிலுள்ள பெரிய பாலத்தைத் தாண்டித் தெற்கே அரை நாள் ஓட்டம். போட்டி ஒரு ஓட்டலின் பெரிய கூடத்தில் நடந்தது. மேஜை மேஜையாக நரி, வாத்து, மீன், பூமா. காப்பிக் கோப்பையும் கையுமாகத் தொழில்காரர்கள் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ரூடியைத் தெரியாதவர் அங்கே குறைவு.

"ரூடி! எங்கய்யா ஆளயே காணோம்?" என்று கை நீட்டினான் ஒருவன்.

"இருக்கேன், இருக்கேன்" என்று ரூடி தலையை மட்டும் ஆட்டினான். கைகள் கோட்டுப் பாக்கெட்டில். நீட்டின கை கொஞ்ச நேரம் காற்றில் நின்றுவிட்டுத் திரும்பிப் போனது.  அன்று முழுக்க அவன் காப்பி குடிக்கவில்லை, ரொட்டி தொடவில்லை. கோப்பையைத் தூக்கவேண்டி வருமே என்றுதான்.

கதவைச் சாத்திக்கொண்டு நடுவர்கள் மார்க் போட்டார்கள். திறந்தபோது ஐனி ஓடவில்லை, நடந்தே போனாள். கீரிக்குப் பக்கத்தில் பட்டை இருந்தது. சிவப்பு. இரண்டாம் இடம். நீலத்துக்கு ஒரே ஒரு மார்க் குறைவு.

அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள். நல்ல பட்டுத்துணி. முதல் தடவை போட்டியிட்டவளுக்குச் சிவப்பு கிடைத்தால் மற்றவர்கள் குதிப்பார்கள். அவள் அதைத் திருப்பி வைத்துவிட்டாள். பேரம் பேரம்தான். கையெழுத்துப் போட வேண்டியதுதான்.

சாயங்காலம் நடுவர்கள் மேஜை மேஜையாக வந்து, எங்கே நன்றாக இருக்கிறது, எங்கே கெட்டது என்று சொல்லுவார்கள். இவர்கள் மேஜைக்கு வந்தவர் டன்னிங், மொண்டானாக்காரர், மெதுவாகப் பேசுகிற மனிதர். சுற்றிப் பத்துப் பேர் கூடினார்கள். அவர் முழங்காலிட்டு டார்ச் அடித்தார்.

"காது அருமைம்மா. கண்ணோரம் பாருங்க, ஈரமா இருக்குற மாதிரியே இருக்கு. தையல் எங்க இருக்குன்னு நான் கடைசிவரைக்கும் தேடினேன், கிடைக்கல." ஐனி தலையாட்டினாள். "இடுப்பு முறுக்கு, இந்த மாதிரி நான் பார்த்ததே இல்ல. ஆனா இந்தப் பின்னங்கால்தான்... பாதம் பின்னால திரும்பிருச்சு. அணிலுக்குன்னா ஒத்துக்கலாம். கீரிக்கு இவ்வளவு திருப்பம் கிடையாதுன்னு நெனைக்கிறேன். காயும்போது கம்பி முறுகிருக்கும். அதுல மார்க் கழிக்க வேண்டியதாப் போச்சு."

ஐனி வாயைத் திறந்தாள். 

"கம்பி முறுகல" என்றது ஒரு குரல்.

ரூடிதான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். முகம் சிவந்திருந்தது. "கம்பியும் முறுகல, ஒண்ணும் முறுகல. நான் பார்த்தேன். தினமும் பார்த்தேன், என் ஜன்னல்லேர்ந்து. இந்தப் பக்கம் ஏறும். ஏறி, இறைச்சி வரலேன்னா, சடார்னு தலைகீழா விழும். அப்போ இந்தக் கால்..."

சொல்லிக் காட்ட முடியவில்லை. ஒரு கணம் தவித்தான். அப்புறம் வலது கையைப் பாக்கெட்டிலிருந்து வெளியே எடுத்தான்.

கை நடுங்கியது. பத்துப் பேர் முன்னால், அந்தப் பெரிய விளக்கு வெளிச்சத்தில், தாங்க முடியாமல் நடுங்கியது.  ஐனிக்கு ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்து மூடிவிடலாம் என்றிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"இந்தக் கால் இப்படி வரும்" என்றான் ரூடி. மணிக்கட்டைத் திருப்பினான், விரல்களைக் கொக்கியாக்கினான். இடது கையையும் வெளியே எடுத்து அதை எலும்பாக நீட்டி, வலது கையை அதில் மாட்டினான். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக நடுங்கின. "இப்படி மாட்டிக்கிட்டு, உள்ளங்கால் மேல பார்க்க, மொத்த உடம்பையும் இந்த ஒத்தக் கால்ல தொங்கவிட்டுட்டு இழுக்கும். நானே இவகிட்ட நேரா வையுடின்னு சொன்னேன். பட்டை போயிரும்னு சொன்னேன். கேக்க மாட்டேன்னுட்டா. அவ வச்சதுதான் சரி. நான் சொன்னது தப்பு."

டன்னிங் எழுந்திருக்கவில்லை. கீரியைப் பார்த்தார், ரூடியின் கைகளைப் பார்த்தார்.

"போட்ட மார்க்கு போட்டதுதான், மாத்த எனக்கு உரிமை இல்ல" என்றார். "ஆனா அத இன்னொரு தடவ காட்டுங்க. குதிகால் எந்தப் பக்கம் போச்சு?"

"உள்பக்கம். இப்படி."

"எனக்குத் தெரியல ரூடி, இந்தப் பக்கமாத் திரும்பு" என்றான் பின்னாலிருந்த ஒருவன். இன்னொருவன் நாற்காலிமேல் ஏறினான். மீன்காரர்கள் மேஜையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ரூடி திரும்பி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான்.

ஐனி மெல்ல நழுவி வெளியே வந்தாள். கூடத்தின் கண்ணாடிக் கதவுக்கு எதிரே சுவரில் டெலிபோன் இருந்தது. காசு போட்டுக் கிரீன் பே நம்பரைச் சுழற்றினாள்.

"அம்மா! என்னாச்சு? நீலமா?" என்றாள் காரின்.

"சிவப்பு."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "பரவால்லம்மா. ரூமெல்லாம் துடைச்சு வச்சிட்டேன். நீங்க எப்ப..."

"வரல காரின். வீட்ட விக்கல."

"என்னம்மா சொல்ற? அப்பா ஒத்துக்கிட்டாரா?"

"இன்னும் கேக்கல."

"கேக்கலையா! அப்பா கை எப்படிம்மா இருக்கு? மாத்திரை போட்டாரா? ஒளிச்சு வச்சுக்கிட்டு மூலையில உட்கார்ந்திருப்பாரே..."

ஐனி கண்ணாடி வழியாகப் பார்த்தாள். கூட்டம் இன்னும் பெரிதாகியிருந்தது. நடுவில் ரூடியின் தலையும், தலைக்குமேல் தூக்கிய இரண்டு கைகளும் மட்டும் தெரிந்தன. 

"நடுங்குதுடி" என்றாள். "நல்லாவே நடுங்குது. எல்லாரும் நாற்காலி போட்டு ஏறி நின்னு பார்க்குறாங்க."